பாலமோரில் மழையா என்று முதலில் கேட்பேன்

விடிகாலை ஐந்தரைக்கு நான் போடும் முதல் போன் பேச்சிப்பாறைப் பக்கம் பால்வெட்டுக்குப் போகிற ஓர் அண்ணனுக்கு. "அண்ணே, இன்னிக்கு வெட்டு உண்டா?" அவ்வளவுதான் கேள்வி. ராத்திரி மலையில் மழை பெய்திருந்தால் ரப்பர் மரத்தின் பட்டை நனைந்து கிடக்கும், வெட்டினால் பால் கோட்டில் இறங்காமல் பட்டை முழுக்கப் பரவி வழிந்துவிடும், அதனால் அன்றைக்கு வெட்டு கிடையாது. "வெட்டு இல்ல மக்கா, ராத்திரி முழுக்க அடிச்சு ஊத்திட்டு" என்று அவர் சொன்னால் தூண்டிலைப் பரண்மேல் திரும்ப வைத்துவிடுவேன். எங்கள் வீட்டு முற்றத்தில் கொஞ்ச நேரத்தில் நல்ல வெயில் அடிக்க ஆரம்பித்துவிடும். அதைப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது என்பதற்காகத்தான் இந்த போனே.

நான் ஒரு நர்ஸ். எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து நர்ஸ் வேலைக்கு வெளிநாடு போகாத குடும்பம் குறைவு, நானும் அப்படிப் போய் நியூசிலாந்தில், கிறைஸ்ட்சர்ச்சில், ஏழு வருடம் இருந்தேன். அங்கேதான் ட்ரவுட் மீனுக்கு ஃப்ளை ஃபிஷிங் போகக் கற்றுக்கொண்டேன். புழு, இரை எதுவும் இல்லாமல், இறகையும் நூலையும் வைத்துக் கட்டிய ஒரு பொய்ப்பூச்சியைத் தண்ணீர்மேல் நிஜப் பூச்சி விழுவதுபோல விழவைப்பது. அந்தப் பூச்சிக்கு எடையே கிடையாது, கனமான நூல்தான் அதைச் சுமந்துகொண்டு போகும். வீசுவதற்குப் பின்னால் இடம் வேண்டும், கரையில் மரம் இருந்தால் நூல் சிக்கும், அதனால் ஆற்றுக்குள் இறங்கி நின்றுதான் வீச வேண்டியிருக்கும். கரையில் உட்கார்ந்து தூண்டில் போடுகிறவருக்கும் எங்களுக்கும் அதுதான் வித்தியாசம். அவர் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருப்பார், நாங்கள் ஆற்றுக்குள் நின்றுகொண்டிருப்போம்.

எங்கள் ஆற்றில் ட்ரவுட் கிடையாது, இருக்கவும் முடியாது. தண்ணீர் 20 டிகிரியைத் தாண்டினாலே அந்த மீன் திணற ஆரம்பித்துவிடும். தமிழ்நாட்டில் அதைப் பார்க்க வேண்டுமென்றால் நீலகிரிக்குத்தான் போக வேண்டும், அவலாஞ்சியில் 1907இலேயே அதற்குக் குஞ்சு பொரிக்கும் பண்ணை வைத்தார்கள். ஊருக்குத் திரும்பிய பிறகு அதே ஒன்பதடித் தூண்டிலை எடுத்துக்கொண்டு திருவட்டாருக்கும் அருமனைக்கும் இடையில் கோதையாற்றில் கெண்டை பிடிக்கப் போக ஆரம்பித்தேன். கையகலக் கெண்டைகூட அந்தப் பொய்ப்பூச்சியை எழும்பி வந்து எடுக்கும்போது மனசுக்குள் வருகிற சந்தோஷம் அங்கே ட்ரவுட் எடுத்தபோது வந்ததேதான், கொஞ்சமும் குறைவில்லை.

ஆனால் நான் அங்கிருந்து கொண்டுவந்ததில் பெரியது தூண்டில் இல்லை, ஆற்றில் இறங்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற பழக்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்த நாட்டில் குடியேறியவர்கள் ஆறு கடக்கும்போது மூழ்கிச் செத்தது அவ்வளவு அதிகம், மூழ்கிச் சாவதற்கே 'நியூசிலாந்துச் சாவு' என்று பெயர் வந்துவிட்டது. கிறைஸ்ட்சர்ச் இருப்பது கிழக்கே, சமவெளியில். மேற்கே பெரிய மலைத்தொடர். மேற்குக் கடலிலிருந்து ஈரக்காற்று வந்து மலையில் மோதும், மழை முழுக்க மலைமேலும் அதற்கு அந்தப் பக்கமும் கொட்டும், மலை தாண்டி எங்கள் பக்கம் வரும்போது அது வறண்ட அனல்காற்றாகிவிடும். அதை நார்-வெஸ்டர் என்பார்கள். நகரத்தில் வானம் நீலமாக இருக்கும், துணி ஒரு மணி நேரத்தில் காயும், அதே நேரத்தில் ரகாயா, ரங்கிடாட்டா மாதிரி ஆறுகள் சாம்பல் நிறத்தில் பெருகிக்கொண்டு வரும். வெயிலில் வரும் வெள்ளம். போன முதல் வருடம் இதைக் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது, ஏனென்றால் இது அப்படியே எங்கள் ஊர்.

கீழே மார்த்தாண்டத்தில் வெயில், மேலே மலையில் பாலமோரில் பேய்மழை. சின்ன வயதிலிருந்து பார்க்கிறோம், ஆனால் அதை ஒரு விதியாக யோசித்தது கிடையாது. ஆடியில் தென்மேற்கு, ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் கிடைக்கும் மாவட்டம் இது. மலையிலிருந்து கடலுக்கு உள்ள தூரமோ ரொம்பக் குறைவு. கோதையாறும் பரளியாறும் இறங்கி வந்து திருவட்டாருக்குப் பக்கத்தில் மூவாற்றுமுகத்தில் சேர்ந்து, குழித்துறையாறாகி (நாங்கள் தாமிரபரணி என்போம், திருநெல்வேலித் தாமிரபரணி வேறு), தேங்காய்ப்பட்டணத்தில் கடலுக்குப் போய்விடுகின்றன. மேலே பெய்கிற மழைக்கு நின்று நிதானித்து வர இடமே இல்லை.

இதில் இன்னொரு விஷயம் உண்டு, அதைப் புரிந்துகொள்ள எனக்கு நாற்பது வயதாயிற்று. கோதையாற்றுக்குக் குறுக்கே பேச்சிப்பாறை அணை, 1906இல் கட்டி முடித்தது, 48 அடி. பரளியாற்றில் பெருஞ்சாணி, 77 அடி. பாசனத்துக்கு விடுகிற தண்ணீர் புத்தன்அணை வழியாகக் கால்வாய்களுக்குப் பிரிந்து போய்விடும். அதனால் அணைக்குக் கீழே ஆறு எப்போதும் உண்மையில் இருக்க வேண்டியதைவிட மெலிந்துதான் ஓடும். பாறை தெரியும், மணல் தெரியும், சாதுவாக இருக்கும். அணை நிரம்பி மறுகால் திறக்கும் அன்றைக்குத்தான் ஆறு தன்னுடைய நிஜ அளவில் வரும். ஆகவே காலையில் நம் கண்ணில் படுகிற ஆறு அதன் முழு உருவம் இல்லை, அணை அதற்கு அனுமதித்திருக்கிற ஒரு பங்கு. அதைப் பார்த்து 'தண்ணி கொஞ்சம்தான்' என்று சொல்வது எனக்கு இப்போது பயமாகவே இருக்கிறது.

நியூசிலாந்தில் எந்த ஆற்றில் விநாடிக்கு எத்தனை கனமீட்டர் ஓடுகிறது என்று வீட்டிலிருந்தே இணையத்தில் பார்க்கலாம், மீன் பிடிக்கிறவர்கள் அதைப் பார்க்காமல் வண்டியை எடுக்க மாட்டார்கள். முக்கியமாக அந்த எண்ணைவிட அதன் கோடு ஏறுகிறதா இறங்குகிறதா என்பதைத்தான் பார்ப்பார்கள். இறங்கிக்கொண்டிருக்கிற ஆற்றுக்குப் போகலாம், ஏறிக்கொண்டிருக்கிற ஆற்றுக்குப் போகக் கூடாது. இங்கே எனக்கு அந்தக் கோடு நாளிதழில் கிடைக்கிறது. நாகர்கோவில் பதிப்பில் மழைக்காலத்தில் தினமும் வரும் அந்தச் சின்னப் பெட்டிச் செய்தி: பேச்சிப்பாறை இத்தனை அடி, பெருஞ்சாணி இத்தனை, சிற்றாறு ஒன்று, இரண்டு, அணைக்கு வரும் தண்ணீர் இத்தனை கனஅடி, மழையளவு பாலமோர், சுருளோடு, கன்னிமார் என்று வரிசையாக மில்லிமீட்டரில். எத்தனையோ பேர் அதைத் தாண்டிப் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். நான் நான்கு நாள் எண்ணைக் காலண்டர் தாளில் குறித்து வைத்துக்கொள்வேன். பேச்சிப்பாறை நாற்பதைத் தாண்டி இன்னும் ஏறிக்கொண்டிருந்தால் மறுகால் எந்த நேரமும் வரலாம் என்று எடுத்துக்கொள்வேன், அன்றைக்கு எங்கள் கடவில் (ஆற்றில் இறங்கும் துறையில்) முழங்கால் தண்ணீர் ஓடினாலும் சரி. 'திற்பரப்பு அருவியில் குளிக்கத் தடை' என்று வந்தால் அதற்குமேல் யோசிக்கவே வேண்டாம், அதே தண்ணீர்தான் நான் நிற்கப்போகும் இடத்துக்கும் வரும்.

பேச்சிப்பாறைக்கு மேலே நான் போவதில்லை. காடு, சரணாலயம், அது ஒரு காரணம். மின் உற்பத்திக்குத் தண்ணீர் விடும்போது ஒரு பொட்டு மழை இல்லாமலே அங்கே ஆறு ஏறும், அது இன்னொன்று.

போன ஐப்பசியில் நடந்ததைச் சொல்கிறேன். நானும் மாமாவும், அம்மாவின் அண்ணன், எழுபது தாண்டியவர், அருமனைக்குக் கீழே ஒரு கடவுக்குப் போயிருந்தோம். அன்றைக்கு நான் போன் பண்ணவில்லை. முந்தின நாள் இரவுப் பணி முடித்து வந்து, பத்து நாளாக ஆற்றுக்குப் போகாத ஏக்கத்தில், வெயிலைப் பார்த்ததும் கிளம்பிவிட்டேன். நடு ஆற்றில் ஒரு தட்டுப்பாறை இருக்கிறது, தொடையளவு தண்ணீரில் நடந்து அதில் ஏறினால் அக்கரை ஓரத்து நிழலுக்கு அருமையாக வீசலாம். நான் ஏறி நின்றேன். மாமா கரையில் தண்ணீர் தொடுகிற இடத்தில் ஒரு பூவரசங்குச்சியை நட்டுவிட்டு உட்கார்ந்தார். அவர் எங்கே போனாலும் அதைச் செய்வார், ஏன் என்று நான் கேட்டதில்லை.

அரைமணி நேரம் இருக்கும். நல்ல கெண்டை ஒன்று இரண்டு தடவை எழும்பிவிட்டு எடுக்காமல் போனது. மாமா கூப்பிட்டார். "மக்கா, வெள்ளம் கூடுது, கேறி வா."

எங்கள் பக்கத்துப் பேச்சில் வெள்ளம் என்றால் தண்ணீர்தான். குடிக்கவும் வெள்ளம், குளிக்கவும் வெள்ளம், பெருகி வந்து அடித்துக்கொண்டு போவதும் வெள்ளம். அன்றைக்கு அவர் எந்த அர்த்தத்தில் சொன்னார் என்று எனக்குக் காதில் ஏறவில்லை. "ஒரு வீச்சு மாமா, இதோ வந்துட்டேன்."

"குச்சியப் பாரு. குச்சியப் பாரு மக்கா."

பார்த்தேன். கரையோரம் நின்ற குச்சி தண்ணீருக்குள் ஒரு முழம் தள்ளி நின்றது. அப்போதுதான் மற்றதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்ணில் பட்டது. காய்ந்த ரப்பர் இலைகளும் சருகும் கூட்டமாக மிதந்து வந்தன. தண்ணீர் டீ நிறத்துக்கு மாறியிருந்தது. பாறையின் மேல்பக்கம் ஏற்கெனவே காய்ந்திருந்த இடம் நனைந்திருந்தது. சத்தமும் மாறியிருந்தது: முதலில் கல்லுக்குக் கல் தனித்தனியாகக் கேட்ட சலசலப்பு இப்போது ஒரே தொடர்ந்த இரைச்சல். இத்தனையும் என்னைச் சுற்றி நடந்திருக்கிறது, நான் ஒரு மீனையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

திரும்பி வரும்போது இடுப்புக்கு வந்துவிட்டது. நீரோட்டத்துக்குப் பக்கவாட்டில் நின்று, காலைத் தூக்காமல் தரையோடு தேய்த்துத் தேய்த்து, ஒரு கால் ஊன்றிய பிறகே அடுத்ததை நகர்த்தி, கொஞ்சம் கீழ்நோக்கிச் சரிவாக வந்தேன். தூண்டிலைக் கையிலிருந்து விட்டேன். ஏழு வருடம் என்னோடு இருந்த தூண்டில் அது. மாமா தன் வேட்டியை அவிழ்த்து முறுக்கி ஒரு நுனியை வீசி நின்றார், அவர் தண்ணீரில் இறங்கவில்லை. அது எவ்வளவு சரியான காரியம் என்று ஒரு நர்ஸாக எனக்குத் தெரியும். கரையேறி இருபது நிமிடத்தில் தட்டுப்பாறை மறைந்துவிட்டது. வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை.

அதற்குப் பிறகு கணக்குப் போடாமல் நான் இறங்குவதில்லை. அமெரிக்காவில் ஆறுகளில் இறங்கி நீரோட்டத்தை அளக்கிற ஊழியர்கள் வைத்திருக்கும் ஒரு கணக்கு இது. ஆழம் எத்தனை அடி, தண்ணீர் விநாடிக்கு எத்தனை அடி ஓடுகிறது, இரண்டையும் பெருக்கு. பத்தோ அதற்கு மேலோ வந்தால் இறங்காதே. ஆழத்துக்குக் கம்பு. வேகத்துக்கு நான் தேங்காய்த் தொண்டு (தேங்காய் மட்டை) வைத்துக்கொள்கிறேன். கரையில் பத்தடி தூரம் அளந்து இரண்டு கல் வைத்துவிட்டு, மேலே இருந்து தொண்டை வீசி, முதல் கல்லிலிருந்து இரண்டாம் கல் வரை எத்தனை விநாடி என்று எண்ணுவேன். ஐந்து விநாடி என்றால் விநாடிக்கு இரண்டடி. மூன்று விநாடி என்றால் மூன்றேகாலுக்குக் கொஞ்சம் மேல். அந்த மூன்று விநாடி ஆறு இடுப்பளவு மூன்றடி ஆழத்தில் ஓடினால் பத்தைத் தொட்டுவிடும். பார்க்க அப்படி ஒன்றும் வேகமாகத் தெரியாது. பத்து என்பது அந்த வேலையே செய்து பழகியவர்களுக்கு. எனக்கு நான் ஐந்து வைத்திருக்கிறேன், அதுவும் தொடைக்கு மேல் கிடையாது. வேகம் இரண்டு மடங்கானால் தண்ணீர் நம்மைத் தள்ளுகிற விசை நான்கு மடங்காகும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் இந்த எண்ணிக்கை அதிக ஜாக்கிரதையாகத் தோன்றாது. இன்னொன்று, தெளிந்த தண்ணீரில் தரை மேலெழும்பித் தெரியும். நான்கடி ஆழம் மூன்றடி மாதிரி இருக்கும். கம்பு விட்டுப் பார்க்காமல் கண்ணை நம்ப முடியாது. கலங்கலாக இருந்து சொந்தப் பாதம் தெரியாவிட்டால் எந்தக் கணக்கும் வேண்டாம், திரும்பிவிடலாம்.

கணக்குக்குள் அடங்காத ஒன்று எங்கள் ஆற்றில் உண்டு, கயம், ஆற்றுக்குள் திடீரென்று ஆழமாகும் குழி. இயற்கையான கயம் எங்கெங்கே என்று பழைய ஆட்களுக்குத் தெரியும், மாமாவுக்கு ஒவ்வொன்றும் பெயரோடு தெரியும். ஆனால் மணல் அள்ளிய குழிகள் யாருக்கும் தெரியாது. முழங்கால் தண்ணீரில் நடந்து போய்க்கொண்டே இருப்போம், அடுத்த அடியில் ஆள் மூழ்கும் ஆழம். போன வருடம் இருந்த இடத்தில் இந்த வருடம் இருக்காது, ஒரு வெள்ளம் வந்தால் ஒன்று தூர்ந்து இன்னொன்று பறியும். அதனால் பழகிய கடவிலும் ஒவ்வொரு மழைக்காலத்துக்குப் பிறகும் புதிதாக இறங்குகிறவன்போலத்தான் கம்பு குத்திக் குத்திப் போகிறேன்.

இறங்குமுன் கீழே நடந்துபோய்ப் பார்ப்பதும் முக்கியம். கால் தவறினால் எங்கே போய்ச் சேருவேன்? மணல்திட்டு என்றால் சரி. பாறைச் சந்து, சாய்ந்து கிடக்கும் மரம் என்றால் வேண்டாம். தடுப்பணை என்றால் வேண்டவே வேண்டாம். தடுப்பணைக்கு மேலே நிரம்பி வழிகிற தண்ணீர் அழகாக, கண்ணாடி மாதிரி இருக்கும். கீழே விழுந்த இடத்தில் அது பின்னோக்கிச் சுருண்டு திரும்பும், அதில் மாட்டிய ஆளை மேலே வரவிட்டு மறுபடி அணைச்சுவர்ப் பக்கமே இழுத்துக்கொண்டு போகும். நீச்சல் தெரிந்தவரையும் அது விடாது. குழித்துறை சப்பாத்து (ஆற்றைக் கடக்கும் தாழ்வான பாலம்) மேலே தண்ணீர் போகும் நாட்களில் அதைக் கடந்துபோக முயற்சி செய்கிறவர்களைப் பார்க்கும்போது எனக்குக் கூப்பிட்டுச் சொல்லவேண்டும்போல இருக்கும். ஆடி அமாவாசைக்கு முன்னோர்களுக்கு வாவுபலி கொடுக்க அந்த ஆற்றங்கரைக்கு ஊரே வருகிறது. செத்தவர்களை நினைக்க வருகிற இடம் அது.

வெளிநாடு போகுமுன் இங்கே ஒரு தனியார் மருத்துவமனையில் அவசரப் பிரிவில் இருந்தேன். ஆற்றிலிருந்து கொண்டுவந்த பிள்ளைகள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்க எனக்கு மனமில்லை. பெரும்பாலும் வாலிபர்கள், பெரும்பாலும் நீச்சல் தெரிந்தவர்கள், லீவு நாள், நல்ல வெயில். உடம்பு இன்னும் சூடாக இருக்கும். கூட வந்த சிநேகிதன் ஈரத்தோடு வாசலில் நின்று "இப்பதான் பேசிட்டு இருந்தான் சேச்சி" என்று பக்கத்தில் நின்ற சீனியர் சிஸ்டரிடம் திரும்பத் திரும்பச் சொல்வான். வயிற்றை அமுக்கித் தண்ணீரை எடுக்கிறோம், தலைகீழாகத் தூக்குகிறோம் என்று கரையில் பத்து நிமிடம் போயிருக்கும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். மூச்சு இல்லையென்றால் முதலில் வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுங்கள், அப்புறம் மார்பை அழுத்துங்கள், முப்பது அழுத்தலுக்கு இரண்டு மூச்சு, ஒருவர் இதைச் செய்யும்போதே இன்னொருவர் 108-ஐக் கூப்பிடட்டும். மூழ்குகிறவரைப் பிடிக்கக் குதிக்காமல் கயிறு, வேட்டி, வாழைத்தடி எதையாவது எறியுங்கள். இரண்டாவதாகக் குதித்தவரையும் சேர்த்துக் கொண்டுவந்த நாட்கள் எனக்கு மறக்காது.

ட்ரவுட் ஆறுகளில் குளிர் ஒரு காவல் மாதிரி. பத்து, பன்னிரண்டு டிகிரித் தண்ணீர். தவறி விழுந்தால் முதல் நிமிடத்தில் மூச்சுத் திணறும், சற்று நேரத்தில் விரல் பிடிமானம் போய்விடும். அதனால் அங்கே ஒவ்வொரு அடியும் பயத்தோடுதான் வைப்போம். நம் ஆறு வெதுவெதுப்பாக, சொந்தக்காரர் மாதிரி வரவேற்கும். பயம் வரவே வராது. அங்கே எனக்குக் கற்றுக்கொடுத்த பெரியவர், வார்டில் என்னோடு வேலை பார்த்தவர், ஆற்றங்கரைக்குப் போனதும் தூண்டிலைப் பிரிக்க மாட்டார். வெறும் கையோடு கால்மணி நேரம் நிற்பார். நூலைக் கோத்துப் பூச்சியைக் கட்டிவிட்டால் அப்புறம் ஆறு தெரியாது, மீன் மட்டும்தான் தெரியும் என்பார். அப்போது அது எனக்கு வயதானவரின் நிதானமாகப் பட்டது. தட்டுப்பாறையில் நின்ற அன்றைக்கு என் கண் எங்கே இருந்தது என்று யோசித்தால் அவர் சொன்னது புரிகிறது. ஆசை வந்த பிறகு நம் கண் நமக்கு உண்மை சொல்லாது. ஆகவே இப்போது முடிவை வீட்டிலேயே, தூண்டில் பரணில் இருக்கும்போதே, எடுத்துவிடுகிறேன். ஆற்றங்கரையில் 'வேண்டாம்' என்று மாற்றிக்கொள்ள எனக்கு அனுமதி உண்டு. வீட்டில் 'வேண்டாம்' என்று சொன்னதை அங்கே போய் 'சரி' என்று மாற்ற அனுமதி இல்லை.

இந்த வாரம் புதுத் தூண்டில் வந்தது. மூன்று நாளாக மேலே மழை இல்லை, பேச்சிப்பாறை கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறது, பால்வெட்டு நடக்கிறது. நேற்று போனோம். தொண்டு பத்தடியை ஆறு விநாடியில் கடந்தது, ஆழம் இரண்டடி. மாமா குச்சியை நட்டார். இந்தத் தடவை நானும் கொஞ்சம் மேலே தள்ளி இன்னொரு குச்சி நட்டுவிட்டு, பாறைக்குப் போகாமல், கரையிலிருந்து நாலெட்டு தூரத்தில், அவர் கூப்பிட்டால் கேட்கிற இடத்தில் நின்றுகொண்டேன்.